ஒரு நிமிட இடைவெளி: தனியாள் சைக்கிள் ஓட்டமும் நிலாவெளி வீதியும்

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களில் மரதனுக்கு அடுத்தபடியாகக் கூட்டம் சேர்வது சைக்கிள் ஓட்டத்துக்குத்தான். முப்பது நாற்பது பேர் ஒன்றாகப் புறப்படுவார்கள். முதல் வளைவிலேயே இரண்டு பேர் ஹாண்டில் சிக்கி விழுவார்கள். கடைசி அரைக் கிலோமீட்டர் வரை யாரோ ஒருவருடைய முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வந்தவர், முடிவுக் கோடு தெரிந்ததும் பாய்ந்து முதலாவதாக வருவார். முதல் மூவருக்குப் பரிசு. நான்காவதாக வந்தவரையும் நாற்பதாவதாக வந்தவரையும் எவரும் விசாரிப்பதில்லை. அவர்கள் எத்தனை நிமிடத்தில் ஓடி முடித்தார்கள் என்று யாரும் குறித்துவைப்பதும் இல்லை.

சைக்கிள் விளையாட்டில் இதற்கு நேர்மாறான ஒரு வகை இருக்கிறது. டைம் ட்ரயல் என்பார்கள். நேர ஓட்டம் என்று சொல்லலாம். ஒருவர் புறப்பட்டு ஒரு நிமிடம் கழித்து அடுத்தவர் புறப்படுவார், அதற்கு ஒரு நிமிடம் கழித்து அடுத்தவர். குறித்த தூரம் போய், வீதியிலேயே திரும்பி, புறப்பட்ட இடத்துக்கு அருகே வந்து சேர வேண்டும். முன்னால் போகிறவரை எட்டிப்பிடித்தால் தாராளமாகக் கடந்து போகலாம். ஆனால் அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்று மறைப்பில் மிதிப்பது குற்றம். எல்லோரும் வந்து சேர்ந்த பிறகுதான் யார் வென்றார் என்பது கடதாசியில் தெரியவரும். வீதியோரம் நின்று பார்க்கிறவருக்கு இதில் சுவாரசியம் எதுவும் இல்லை என்றால் அதை மறுக்க முடியாது. ஒரு மனிதர் குனிந்தபடி போகிறார். ஒரு நிமிடம் வீதி வெறுமையாகக் கிடக்கிறது. இன்னொரு மனிதர் குனிந்தபடி போகிறார்.

ஆனாலும் பிரித்தானியாவில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக இது சாதாரண மக்களின் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாக நிலைத்திருக்கிறது. தபால் ஊழியர், ஆசிரியர், தச்சர், ஓய்வு பெற்ற தாதி என்று எல்லோரும் வருகிறார்கள். சம்பளம் வாங்கிப் பந்தயம் ஓடும் வீரர்களின் உலகத்துக்கு வெளியே, தனக்கென்று ஒரு பழக்கவழக்கத்தையும் ஒரு பேச்சு மொழியையும் இது வளர்த்துக்கொண்டிருக்கிறது. பெரிய பந்தயத்துக்கு வழியில்லாதவர்கள் ஆடும் குறைப்பட்ட பந்தயம் இது என்று ஒரு எண்ணம் உண்டு. என் கருத்தில் அது தவறு. சேர்ந்து ஓட்டும் பந்தயத்தால் தர முடியாத ஒன்றை இது தருகிறது: நாற்பதாவதாக வருகிறவருக்கும் இங்கே ஒரு முழுப் போட்டி கிடைக்கிறது. ஐம்பது பேர் சேராத ஊரில், ஐந்து பேரை வைத்துக்கொண்டு ஒழுங்காக நடத்தக்கூடிய சைக்கிள் போட்டியும் இதுதான். திருகோணமலை அப்படிப்பட்ட ஊர்.

இந்த விளையாட்டு பிறந்த கதையே விசித்திரமானது. 1894ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வட வீதிச் சைக்கிள் கழகம் நடத்திய 50 மைல் பந்தயத்தில், கூட்டமாக வந்த சைக்கிள்களைக் கண்டு ஒரு வண்டிக் குதிரை மிரண்டது. ஓட்டிகளும் விழுந்தார்கள், வண்டியில் இருந்த பெண்ணுக்கும் பெரும் தொல்லையாயிற்று. பொலிசாருக்கு ஏற்கெனவே சைக்கிள்காரர்கள் மேல் எரிச்சல். இதற்குப் பிறகு வீதியில் சைக்கிளே ஓட்டக் கூடாது என்று சட்டம் வந்துவிடுமோ என்று சைக்கிள் அமைப்புகள் அஞ்சின. தேசியச் சைக்கிள் சங்கம் வீதிப் பந்தயங்களையே கைவிட்டு, பந்தயம் ஓடுவதானால் ஓடுதளத்தில் ஓடுங்கள் என்றது.

அந்த 50 மைல் பந்தயத்தில் தானும் ஓடிய பிரெடரிக் தாமஸ் பிட்லேக் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆட்களைத் தனித்தனியாக, இடைவெளி விட்டு அனுப்பினால் வீதியில் போகிறவர்களுக்கு அது பந்தயம் என்றே தெரியாதே? 1895ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆம் திகதி அந்த முறையில் முதல் ஓட்டம் நடந்தது. தூரம் 50 மைல்தான், முறைதான் புதியது.

அதன்பின் பல பத்தாண்டுகள் இது பாதி இரகசியமாகவே நடந்தது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு உடை. கண்ணை உறுத்தும் நிறம் எதுவும் கூடாது. முதுகில் எண் கிடையாது. சைக்கிளில் மணி பூட்டியிருக்க வேண்டும், சாதாரண வழிப்போக்கர் போலத் தோன்றுவதற்காக. விடியும் முன்பே ஆட்டம் தொடங்கிவிடும். எந்த வீதி என்பதை ஊர்ப் பெயரால் சொல்லாமல் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டால் சொன்னார்கள். பங்குபற்றுவோருக்கு வந்த பட்டியலில் 'தனிப்பட்டது, இரகசியமானது' என்று அச்சிட்டிருக்கும். ஓட்டம் நடக்கப்போகிறது என்பதைப் பத்திரிகைகள் முன்கூட்டியே எழுதுவதில்லை. பக்கத்து நாடான பிரான்சில் சைக்கிள் பந்தயம் ஊர்த் திருவிழாவாக வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் இங்கிலாந்தில் அதே விளையாட்டு சூரியன் உதிக்கும் முன் ஒளிந்து நடந்தது.

இந்தத் தடையை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். 1942இல் பெர்சி ஸ்டாலர்ட் என்பவர் லங்கோலனிலிருந்து வுல்வர்ஹம்டன் வரை எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் பந்தயத்தை நடத்திக் காட்டினார். பொலிசார் ஒத்துழைத்தார்கள், மக்கள் கைதட்டினார்கள், சைக்கிள் சங்கம் அவரை விலக்கிவைத்தது. பிறகு மெல்ல மெல்ல ஐம்பதுகளில் கூட்டப் பந்தயத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. நியாயப்படி அத்தோடு நேர ஓட்டம் வழக்கொழிந்திருக்க வேண்டும். ஒளிய வேண்டிய தேவை போய்விட்டது. ஆனால் விடியற்காலையும் குறியீட்டுப் பெயர்களும் போகவில்லை. கட்டாயத்துக்காகத் தொடங்கிய ஒன்று அதற்குள் மக்களுக்குப் பிடித்துப்போயிருந்தது. இன்றைக்கும் ஒரு பிரித்தானியச் சைக்கிள்காரர் தன் சிறந்த நேரத்தைச் சொல்லும்போது எந்த ஊர் வீதி என்று சொல்லாமல் அந்தக் குறியீட்டைத்தான் சொல்வார். கேட்கிற சகாவுக்கு அந்த வீதி தட்டையானதா, லொறிகள் இழுத்துச் செல்லும் காற்று அங்கே உதவுமா என்பதெல்லாம் உடனே விளங்கிவிடும்.

பிடித்துப்போனதற்குக் காரணம், ஒரு ஓட்டம் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் தெரியும். வீதியோரம் ஒரு சுண்ணாம்புக் கோடு. கோட்டில் ஒருவர் நின்று இருக்கையைப் பிடித்துக்கொள்கிறார். ஓட்டுபவர் இரண்டு காலையும் பெடலில் வைத்துக்கொள்கிறார். இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுகிறார். விரைவாக ஓட்டக்கூடியவர்களுக்கு ஐந்திலும் பூச்சியத்திலும் முடியும் எண்களைக் கொடுத்து இடையிடையே பரப்பிவிடுவது வழக்கம், ஒருவரையொருவர் எட்டிப்பிடித்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. முடிந்தபின் கிராம மண்டபத்தில் தேநீரும் கேக்கும். சுவரில் ஒரு பலகை. நேரங்கள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. மூத்தோருக்கு வயதுக்கேற்ற நியம நேரம் ஒன்று உண்டு. எழுபது வயதுக்காரர் தன் நியமத்தை எத்தனை நிமிடத்தால் வென்றார் என்பதை நாற்பத்தைந்து வயதுக்காரருடைய கணக்கோடு ஒப்பிட்டு, இருவரையும் ஒரே பட்டியலில் வைக்கிறார்கள். தகப்பனும் மகனும் உண்மையாகவே போட்டி போடக்கூடிய விளையாட்டுகள் எத்தனை இருக்கின்றன?

இந்த உலகத்தின் உச்சியில் நிற்பவர் பெரில் பர்ட்டன். யோர்க்ஷயர்ப் பெண், சிறு வயதில் வாதக் காய்ச்சலால் பல மாதங்கள் படுக்கையில் கிடந்தவர், கடும் உடற்பயிற்சி வேண்டாம் என்று வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். பின்னாளில் கணவரானவர் காட்டிய வழியில் சைக்கிளுக்கு வந்தார். தோட்டப் பண்ணையில் குனிந்து நிமிர்ந்து கூலி வேலை செய்துகொண்டே ஓட்டினார். கடைசி வரை தொழில்முறை வீராங்கனை ஆகவில்லை. உலக வீதிச் சம்பியன் பட்டத்தை இரண்டு தடவை வென்றார். பிரித்தானியாவின் சிறந்த பெண் நேர ஓட்டக்காரர் என்ற பட்டத்தைத் தொடர்ந்து 25 ஆண்டுகள் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 1967இல் நடந்த 12 மணிநேர ஓட்டத்தில், ஆண்களில் முன்னணியில் இருந்த மைக் மக்னமாராவைப் பின்னாலிருந்து எட்டிப்பிடித்தார். அந்த நாளில் மக்னமாரா ஆண்களின் தேசியச் சாதனையை முறியடிக்கும் வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். பெரில் பக்கத்தில் வந்து, சட்டைப் பையிலிருந்து ஓர் அதிமதுர மிட்டாயை எடுத்து நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். பெரில் கடந்து போய்விட்டார். அன்று அவர் ஓட்டி முடித்த தூரம் 277.25 மைல், அதாவது 446 கிலோமீட்டர். மக்னமாராவும் பழைய சாதனையை முறியடித்திருந்தார். ஆனால் முக்கால் மைல் அளவு குறைவு. பெரிலின் அந்தத் தூரத்தைக் கடக்க இன்னொரு பெண்ணுக்கு 50 ஆண்டுகள் பிடித்தன.

அந்த மிட்டாய்க் கதையைச் சைக்கிள்காரர்கள் சலிக்காமல் சொல்வார்கள். குறும்பு என்பார்கள் சிலர், பரிவு என்பார்கள் சிலர். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அங்கே ஆண்களுக்கு ஒரு வீதி, பெண்களுக்கு ஒரு வீதி என்று இருக்கவில்லை. கூட்டமாக ஓடினால் யார் யாருடைய மறைப்பில் ஓடினார்கள் என்ற வழக்கு வரும். தனித்தனியே ஓடியதால் அந்த எண்ணுக்கு எதிராக எவராலும் வாய் திறக்க முடியவில்லை.

அந்த மறைப்புத்தான் இந்த விளையாட்டின் முழு அறிவியலும். தட்டையான வீதியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் செலவிடும் சக்தியில் எண்பது சதவீதத்துக்கு மேல் காற்றைத் தள்ளவே போகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது; அதை வெல்லத் தேவையான சக்தியோ மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்த்து 80 கிலோ, காற்றை எவ்வளவு மறிக்கிறார்கள் என்பதைக் காட்டும் இழுவைப் பரப்பு 0.30 சதுர மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், மணிக்கு 30 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 135 வாட் போதும். 40 கிலோமீட்டருக்கு 280 வாட்டுக்கு மேல் வேண்டும். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடியது, உழைப்பு இரு மடங்கைத் தாண்டிவிட்டது. நல்ல உடல்நிலையில் உள்ள பொழுதுபோக்கு ஓட்டிகளில் பலருக்கு அந்த இரண்டாவது எண்ணை அரை மணிநேரம் தாங்கிக்கொள்ள முடியாது.

ஆனால் உழைப்பைக் கூட்ட முடியாவிட்டால் பரப்பைக் குறைக்கலாம். முழங்கையை மடக்கி, முதுகைத் தட்டையாக்கி, தலையைத் தோளுக்குள் இறக்கி அந்த 0.30ஐ 0.24 ஆக்கினால், அதே 40 கிலோமீட்டருக்கு 235 வாட் அளவு போதும். செலவில்லாமல் கிடைத்த ஐம்பது வாட். நேர ஓட்டக்காரர்கள் குனிந்து ஓட்டுவதன் இரகசியம் இதுதான். நம் லுமாலா சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து போகிறவர் 30 கிலோமீட்டர் வேகத்துக்கே 200 வாட் கொடுக்க வேண்டியிருக்கும். கடையில் சாமான் வாங்கிக்கொண்டு வருவதற்கு அந்த இருக்கை முறை அருமையானது. கடிகாரத்துக்கு முன்னால் அது ஒரு பாய்மரம்.

1989ஆம் ஆண்டுப் பிரான்ஸ் சுற்றுப் பந்தயம் இதற்கு உலகப் புகழ் பெற்ற சான்று. கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர் நேர ஓட்டம். அமெரிக்கரான கிரெக் லெமண்ட் 50 விநாடி பின்தங்கியிருந்தார். கைகளை முன்னால் நீட்டிச் சாய்த்துக்கொள்ளும் புதுவகைக் கம்பியைப் பூட்டி, காற்றைக் கிழிக்கும் தலைக்கவசம் போட்டு வந்தார். முன்னணியில் இருந்த லோரோன் ஃபின்யோன் தலைக்கவசமில்லாமல், முடியைக் குதிரைவாலாகக் கட்டிக்கொண்டு வழக்கமான கம்பியோடு ஓட்டினார். மூன்று வாரம் ஓடிய பந்தயத்தை லெமண்ட் 8 விநாடியால் வென்றார்.

திருகோணமலைக்கு வந்தால் இந்தக் கணக்கில் வேறு இரண்டு விடயங்கள் சேர்ந்துகொள்கின்றன: சூடும் காற்றும்.

சூடான காற்று அடர்த்தி குறைந்தது. 15 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோ, 30 பாகையில் 1.16 அளவுதான். ஈரப்பதன் கூடினால் எடை இன்னும் சற்றுக் குறையும், நீராவி உலர் காற்றைவிட இலேசானது என்பதால். ஐரோப்பாவில் வேகமான நேரங்கள் கோடையின் வெப்பமான மாலைகளில் பதிவாவதற்கு இதுவும் ஒரு காரணம். நமக்கு அந்த மெல்லிய காற்று ஆண்டு முழுவதும் இலவசம். அரை மணிநேர ஓட்டத்தில் அது இருபது, இருபத்தைந்து விநாடி மிச்சப்படுத்தும். ஆனால் கொடுக்கிற கையே பறிக்கவும் செய்கிறது. மனித உடல் எரிக்கும் சக்தியில் நான்கில் ஒரு பங்குகூடப் பெடலுக்கு வருவதில்லை. பெடலில் 200 வாட் கொடுக்கிறவரின் உடலுக்குள் ஏறத்தாழ 700 வாட் வெப்பம் சேர்கிறது. அதை வெளியேற்றும் வழி வியர்வை உலர்வதுதான். கடலோர ஈரக் காற்றில் வியர்வை உலராமல் சொட்டிக்கொண்டே இருக்கும். இதயத் துடிப்பு ஏறும், கால் தளரும். எட்டு மணிக்குப் பிறகு நிலாவெளி வீதியில் முழு வேகத்தில் ஓட்டுவது வீரம் என்று நினைப்பவர்கள் உடலியலோடு வாதாடுகிறார்கள். பிட்லேக்கின் ஆட்கள் பொலிசுக்குப் பயந்து விடியற்காலையைத் தேர்ந்தார்கள். நாம் வெயிலுக்குப் பயந்து தேர்ந்தால் போதும்.

காற்றைப் பற்றிக் கடலோரத்து மக்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கிறது. மலைகளைத் தாண்டி, மழையை அங்கே கொட்டிவிட்டு, உலர்ந்து சூடாக நம்மிடம் வந்து சேர்கிறது. மாரிக் காலத்தில் வடகிழக்கிலிருந்து வாடை. நிலாவெளி வீதி கரையோரமாக வடக்கும் சற்றே மேற்குமாகப் போவதால் இரண்டு காற்றுமே பெரும்பாலும் பக்கவாட்டில்தான் மோதும். குச்சவெளிப் பக்கம் போகும்போது கச்சான் இடப்பக்கத்திலிருந்து, மெல்லப் பின்னால் தள்ளியபடி வரும். வாடை வலப்பக்கத்திலிருந்து, சற்றே முன்னால் மறித்தபடி வரும். கம்பிகள் தெரியாதபடி தட்டுப்போல மூடிய விலை உயர்ந்த சக்கரங்களை இறக்குமதி செய்து வாங்க நினைப்பவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும். பக்கக் காற்றில் அந்தச் சக்கரம் சைக்கிளை வீதியின் நடுவுக்கு இழுத்துக்கொண்டு போகும்.

போகும்போது எதிர்க்காற்று என்றால் வரும்போது முதுகில் காற்று, ஆகவே கணக்குச் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. பத்துக் கிலோமீட்டரை எதிர்க்காற்றில் மணிக்கு 30 வேகத்தில் போனால் 20 நிமிடம். திரும்பும்போது 45 வேகத்தில் வந்தால் 13 நிமிடம் 20 விநாடி. மொத்தம் 33 நிமிடம் 20 விநாடி; சராசரி வேகம் 36, நாம் மனக்கணக்கில் போடும் 37.5 அன்று. மெதுவாகப் போகும் பகுதியில் நாம் அதிக நேரம் இருக்கிறோம் என்பதே காரணம். இதிலிருந்து ஒரு நடைமுறை விதி பிறக்கிறது: எதிர்க்காற்றில் கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டும், காற்று தள்ளும்போது கொஞ்சம் தளர்த்தலாம். உடல் இதற்கு நேர்மாறாகத்தான் ஆசைப்படும். வேகம் காட்டும் போது எல்லோருக்கும் உற்சாகம் வருகிறது. வேகமானி 27ஐக் காட்டும்போது மனம் உடைகிறது.

நேர ஓட்டத்தின் உண்மையான சிரமம் இங்கேதான் இருக்கிறது. புறப்பட்ட முதல் மூன்று நிமிடத்தில் எந்த வேகமும் இலகுவாகத் தோன்றும். அந்த இலகு ஒரு பொய். அதை நம்பியவர் ஏழாவது நிமிடத்தில் வாயைப் பிளந்து மூச்சு வாங்குவார். மீதித் தூரம் முழுவதும் அந்த மூன்று நிமிடத்தின் கடனை அடைத்துக்கொண்டிருப்பார். கூட்டப் பந்தயத்தில் களைத்தால் பின்னால் போய் ஒளியலாம், தந்திரம் செய்யலாம், எதிராளி தவறு செய்யக் காத்திருக்கலாம். இங்கே பேரம் பேச ஆள் இல்லை. இன்றைய உடல் இந்தத் தூரத்துக்கு எவ்வளவு தாங்கும் என்பதைக் கணித்து, முடிவுக் கோட்டைத் தாண்டும்போது எதுவும் மிச்சமில்லாதபடி செலவழிக்க வேண்டும். வேலையிலும் வீட்டிலும் நாள் முழுவதும் பிறருடைய தேவைக்கு ஏற்ப நடந்துகொள்கிறவர்களுக்கு, கணக்கு முழுவதும் தன்னுடையதாக இருக்கும் அந்த அரை மணிநேரம் ஏன் இனிக்கிறது என்பதை விளக்க மனவியல் நிபுணர் தேவையில்லை.

தனியாக யோசிக்கிறவர்களை இந்த விளையாட்டு எப்போதும் ஈர்த்திருக்கிறது. ஸ்கொட்லாந்தின் கிரேம் ஓப்ரி தானே சைக்கிள் கட்டினார். அதில் துணி துவைக்கும் இயந்திரத்தின் பெயாரிங்குகளையும் பயன்படுத்தினார். கைகளை நெஞ்சுக்கு அடியில் மடக்கிக்கொள்ளும் ஒரு விநோத நிலையையும் தானே கண்டுபிடித்தார். 1993 ஜூலை 17ஆம் திகதி நோர்வேயின் ஹமார் ஓடுதளத்தில் ஒரு மணிநேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தார். முதல் நாள் முயன்று தோற்று, மறுநாள் காலையிலேயே திரும்ப வந்து செய்தது இது. ஒரு வாரத்துக்குள் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மன் 52.270 கிலோமீட்டர் ஓட்டி அதைப் பறித்துக்கொண்டார். இருவரும் பிரித்தானிய ஞாயிற்றுக்கிழமை நேர ஓட்டங்களில் வளர்ந்தவர்கள்.

2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களின் வீதிப் பந்தயத்தை வென்ற ஒஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற பல்கலைக்கழக ஆய்வாளர். அப்போது அவருக்கு எந்தத் தொழில்முறை அணியும் இல்லை. அது கூட்டப் பந்தயம்தான். ஆனால் அவர் அதை நேர ஓட்டமாக மாற்றிவிட்டார். தொடக்கத்திலேயே பிரிந்து, கடைசி 40 கிலோமீட்டரைத் தனியே ஓட்டினார். பின்னால் வந்த பெரிய அணிகள் அவர் முன்னால் இருப்பதையே மறந்துபோயின. இரண்டாவதாக வந்த நெதர்லாந்து வீராங்கனை தானே வென்றுவிட்டதாக நினைத்துக் கைகளை உயர்த்தினார்.

குறைகளும் இருக்கின்றன. பிரித்தானியாவில் இந்த விளையாட்டு இப்போது ஒரு செலவுப் போட்டியாகவும் ஆகிவிட்டது. உடலோடு ஒட்டிய உடை, நீண்ட தலைக்கவசம், மூடிய சக்கரம், காற்றுச் சுரங்கத்தில் சோதனை என்று ஒரு மோட்டார் சைக்கிளின் விலையைத் தாண்டிவிடுகிறார்கள். இதை உணர்ந்து சாதாரண வீதிச் சைக்கிளுக்குத் தனிப் பிரிவு வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள், நல்ல காரியம். காற்றின் எதிர்ப்பில் முக்கால் பங்கு ஓட்டுபவரின் உடலால்தான் வருகிறது, சைக்கிளால் அன்று. படபடக்காத இறுக்கமான சட்டை, நன்றாகக் காற்றடித்த டயர், துடைத்து எண்ணெய் போட்ட செயின், மடக்கிய முழங்கை: இவற்றைச் செய்து முடித்தவர் மட்டும் பிறகு கடைப்பக்கம் போகட்டும்.

கைத்தொலைபேசிச் செயலிகள் வந்தபின் தனியாள் போட்டிக்கு ஒரு புதுப் பாதை திறந்திருக்கிறது. 2009இல் தொடங்கிய ஸ்ட்ராவாவில் ஒரு வீதித் துண்டைக் குறித்துவைத்தால் அதில் ஓட்டிய எல்லோருடைய நேரமும் தானாகவே வரிசைப்படும். திருகோணமலையில் சைக்கிள் ஓட்டும் இளைஞர்கள் பலருக்கு நேர ஓட்டம் என்ற பெயர் தெரியாமலே அதன் சுவை பழகியிருப்பது இதனால்தான். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. பலத்த காற்று முதுகில் தள்ளிய ஒரு நாளில் பஸ்சுக்குப் பின்னால் ஓட்டியவர்தான் அந்தப் பட்டியலில் ராஜா. ஒரே நாள், ஒரே மணி, போய்த் திரும்பும் பாதை, கோட்டில் ஒரு சாட்சி: இவை நான்கும் சேர்ந்தால்தான் இரண்டு பேருடைய நேரத்தை ஒப்பிடுவதில் நியாயம் இருக்கும்.

நடத்துவதற்கு இங்கே பாதை இருக்கிறது. நகரம் ஒடுங்கிய நிலத்தில் கடலுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே நெருங்கிக் கிடப்பதால் ஊருக்குள் வாய்ப்பில்லை. கண்டி வீதியில் லொறிகளும் தூரப் பயண பஸ்களும் இருட்டோடு ஓடத் தொடங்கிவிடும். 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் ஓட்டுவதற்கு ஆசையைத் தூண்டும். ஆனால் அதிகாலையிலேயே வேலைக்கும் சந்தைக்கும் போகிறவர்கள் நிறைந்த பாலம் அது. உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு வரை ஹோட்டல்களும் கடைகளும் குறுக்குத் தெருக்களும் தொடர்கின்றன. நிலாவெளியைத் தாண்டி இறக்கக்கண்டிப் பாலத்துக்கு அப்பால், கும்புறுப்பிட்டி, குச்சவெளிப் பக்கம் வீதி தட்டையாக, நேராக, ஒப்பீட்டளவில் வெறுமையாக நீள்கிறது. நம்மவர்கள் இன்றைக்கும் தூரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வதால் பிரித்தானியர்களின் நியமத் தூரமான 10 மைலே இங்கே பொருந்தும்: ஐந்து கட்டை போய், ஐந்து கட்டை திரும்பினால் 16.1 கிலோமீட்டர். புதிதாக வருகிறவருக்கு அரை மணி முதல் முக்கால் மணிநேரம், நன்கு பழகியவருக்கு 25 நிமிடத்தை ஒட்டி.

அந்த வீதியின் தொல்லைகளையும் சொல்லியாக வேண்டும். இரவு முழுவதும் தாரின் சூட்டில் படுத்துக் கிடக்கும் மாடுகள் விடிந்த பிறகும் எழுந்திருக்க மனமில்லாமல் கிடக்கும். நாய்கள் தங்கள் எல்லையைச் சரியாக அறிந்து வைத்திருக்கும். மீன் பெட்டிகளோடு விரையும் முச்சக்கர வண்டிகள், புல்மோட்டை பஸ், வீதியோரத்தில் காற்று கொண்டுவந்து பரப்பிய மணல். தலையைத் தாழ்த்தி முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டும் பழக்கம் ஐரோப்பாவிலேயே உயிர்களைப் பறித்திருக்கிறது. பார்வை வீதியில் இருக்க வேண்டும் என்பதை முதல் விதியாக வைக்க வேண்டும். தலைக்கவசமும் பின்விளக்கும் இல்லாதவரைக் கோட்டிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். திரும்பும் இடத்தில் கொடியோடு இரண்டு பேர் நின்றே ஆக வேண்டும். ஓட்டுபவர் திரும்பிப் பார்க்காமல் வளையும் அந்த ஒரு கணம்தான் முழு ஓட்டத்திலும் ஆபத்தானது.

மற்றபடி தேவைப்படுவது கொஞ்சம்தான். பொலிஸ் நிலையத்துக்கு ஒரு கடிதம், நிறுத்தற் கடிகாரம், நேரம் குறிக்க ஒருவர், இருக்கையைப் பிடிக்க ஒருவர், முதலுதவிப் பெட்டியோடு ஒரு முச்சக்கர வண்டி. மோதி விழும் கூட்டம் இல்லாததால் முப்பது பேர் ஓடும் புத்தாண்டுப் பந்தயத்தைவிட இதற்கு அனுமதி கேட்பது இலகு. கியர் சைக்கிள், சாதாரண சைக்கிள் என்று இரண்டு பட்டியல் போட்டால் லுமாலாக்காரர் வெட்கப்பட வேண்டியதில்லை. 2022இல் எரிபொருள் வரிசைகளில் நின்று சலித்து, பரணிலிருந்து சைக்கிளை இறக்கியவர்களில் ஒரு பகுதியினர் இன்னும் விடாமல் ஓட்டுகிறார்கள். அவர்களில் அரச ஊழியர்களும் ஆசிரியர்களும் பெண்களும் உண்டு. கூட்டப் பந்தயத்தில் இடிபட விரும்பாதவர்களுக்கு ஒரு நிமிட இடைவெளி பெரிய பாதுகாப்பு. நேரப் பட்டியலில் பெயர், வயது, சைக்கிள் வகை, நேரம் ஆகியவற்றோடு அன்றைய காற்றின் திசையையும் ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கச்சான் நாளில் எடுத்த நேரத்தை அமைதியான நாளின் நேரத்தோடு ஒப்பிட்டு வீணாகச் சண்டை வரும்.

தொடங்க ஏற்ற காலம் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை: மாரி விட்டிருக்கும், வாடை தணிந்திருக்கும், கச்சான் இன்னும் எழுந்திருக்காது. சூரியன் ஆறு மணியை ஒட்டி உதிக்கும் அந்த மாதங்களில், வெளிச்சம் வந்ததும் முதல் ஆளை அனுப்பினால் இருபது பேர் ஓடி முடித்தும் ஏழரைக்குள் பிளேன்ரீ குடிக்க உட்கார்ந்துவிடலாம்.